பல் வலி என்று சொல்லிவிட்டீர்கள். கன்னத்தில் இருப்பது நூல்

கடிதத்திலிருந்து:

வாசகிக்கு 43 வயது; அரசுப் பள்ளி ஆசிரியை. நான்கு வருடங்களாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மூன்று மாதங்களுக்கு முன் பார்த்த ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.2. கன்னச் சதை தளர்ந்து வாயோரக் கோடு ஆழமாகிவிட்டதே என்று, பக்கத்து நகரத்தில் ஓர் அழகு சிகிச்சை கிளினிக்கில் பக்கத்துக்கு நான்கு வீதம் தோலுக்கடியில் எட்டு பிடிஓ நூல்கள் (கரையும் நூல்கள்) வைத்துச் சதையைத் தூக்கும் ‘த்ரெட் லிஃப்ட்’ செய்துகொண்டார். கடிதம் எழுதியது ஆறாம் நாள். தாடையோரக் கன்றல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிட்டது. வலது நெற்றிப்பொட்டில், முடி ஆரம்பிக்கும் இடத்தில், முள் மாதிரி ஏதோ கையில் தட்டுகிறது. சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழுகிறது. அந்தப் பக்கத்து வீக்கம் நான்காம் நாள் நன்றாக வடிந்து, நேற்றிலிருந்து மறுபடி ஏறி, லேசான சூட்டோடு விண் விண் என்று தெறிக்கிறது. கிளினிக்கைக் கேட்டால், “பத்து நாள் வரைக்கும் வீக்கம் நார்மல்தான், போட்டோ அனுப்புங்க” என்கிறார்கள். வீட்டில் மிச்சமிருந்த அசித்ரோமைசின் மாத்திரையை இரண்டு நாள் போட்டிருக்கிறார்.

வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. கடைவாய்ப் பல் வலி என்று சொல்லி வைத்திருக்கிறார். அதை நம்பி மாமியார் மஞ்சள் பற்றுப் போடுகிறார். கணவர் பல் டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டார். இன்னும் பன்னிரண்டு நாளில் அக்கா மகள் கல்யாணம். எண்ணெய் தொட்டு மேல்நோக்கி உருவினால் குழி போய்விடும் என்கிறார் பியூட்டிஷியன் தோழி. நூலை உருவி எடுத்துவிட்டால் பழையபடி ஆகுமா, குழியில் ஃபில்லர் (குழியை நிரப்ப ஊசியில் செலுத்தும் ஜெல்) போடலாமா, கல்யாணத்துக்குள் முகம் தேறுமா, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா என்பவை அவர் கேட்டிருப்பவை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, “நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே ஒரு தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ நேரில் காட்டுங்கள்” என்று தனியாக எழுதி அனுப்பிவிட்டோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதும், நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கான பதிலும் இங்கே.

வடிந்த வீக்கம் திரும்ப ஏறினால்

கிளினிக் சொன்னது பாதி சரி. நூல் போட்ட முகம் வீங்கத்தான் செய்யும். முதல் 48 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு நாளுக்கு நாள் குறையும். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் வீங்குவதும் சகஜம். கன்றல் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் மறையும். உங்கள் தாடையோரக் கன்றல் அந்த வழியில்தான் போகிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இடது கன்னத்து வீக்கம் அப்படியில்லை. வடியத் தொடங்கிய வீக்கம் காரணமில்லாமல் திரும்ப ஏறக்கூடாது. அதோடு சூடும் தெறிப்பும் சேர்ந்திருக்கின்றன. நூல் நுழைந்த துளை வழியாகவோ நூலோடேயோ கிருமி உள்ளே போயிருந்தால் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான் இப்படிக் காட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தச் சந்தேகத்தை இன்னும் சீக்கிரம் எடுத்துக்கொள்ள வேண்டும். சூட்டையும் அழுத்தினால் வலிப்பதையும் தோலுக்கடியில் சீழ் தளும்புவதையும் போட்டோ காட்டாது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

போகும்வரை இரண்டு வேலை செய்யுங்கள். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் மெல்லிய கோடு போட்டு, நேரத்தைக் குறித்து வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் டாக்டருக்கு அது பெரிய தகவல். குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். சாப்பாடு மாறாமலே சர்க்கரை திடீரென ஏறியிருந்தால், உள்ளே கிருமி வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம். காய்ச்சல், குளிர் நடுக்கம், துளையில் சீழ், நூல் போன பாதையிலேயே கோடு கோடாகச் சிவப்பு என்று ஏதாவது வந்தால் இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இன்னும் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள். சாப்பிடும்போது, அதுவும் ஊறுகாய் மாதிரிப் புளிப்பாக ஏதாவது தொடும்போது, கன்னம் உப்பி, அப்புறம் வடிகிறதா? அப்படியானால் கிருமியைவிட உமிழ்நீர்ச் சுரப்பியோ அதன் குழாயோ குத்துப்பட்டிருக்கலாம் என்று நினைக்க வேண்டும். அபூர்வம்தான், ஆனால் அதற்கு வைத்தியம் வேறு. அதுபோல வாய் ஒரு பக்கம் கோணுவது, கண் முழுதாக மூடாதது எல்லாம் மரப்பு ஊசியால் என்றால் அன்றைக்கே சில மணி நேரத்தில் சரியாகியிருக்க வேண்டும். நீங்கள் எழுதாததால் அவை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மிச்ச மாத்திரையும் மஞ்சள் பற்றும்

அசித்ரோமைசினை இதற்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள். அட்டையைக் கையோடு எடுத்துப் போய், எந்தெந்த நேரம் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். அரைகுறையாகப் போட்ட ஆன்டிபயாடிக் காய்ச்சலையும் சிவப்பையும் கொஞ்சம் அமுக்கி வைக்கும், சீழை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் கிருமி வளராமல் ஏமாற்றும், உள்ளே இருப்பதை மட்டும் அழிக்காது. நூலைச் சுற்றிக் கிருமி பிடித்துவிட்டால் பெரும்பாலும் அந்த நூலை எடுத்தால்தான் தீரும். உடம்பில் இருக்கும் அந்நியப் பொருளின் மேல் ஒட்டிய கிருமியை மாத்திரை எளிதில் எட்டுவதில்லை. எட்டு நூலையும் எடுக்க வேண்டியிருக்கும் என்று பயப்படாதீர்கள். கெட்டுப்போனது எதுவோ அது மட்டும்தான்.

வலிக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் உங்களுக்கு ஏற்றவை இல்லை: கன்றலைக் கூட்டும், சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்துக்கும் பாரம். ‘வீக்கத்துக்கும் கருமைக்கும்’ என்று கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமையும் தொடாதீர்கள்.

மாமியார் அன்போடு போடும் மஞ்சளை இன்றோடு நிறுத்துங்கள். துளைகள் மூடாத தோலில் அரைத்த மஞ்சளின் துகள் உள்ளே போகும். அம்மியும் தண்ணீரும் சுத்திகரித்தவை அல்ல. அதைவிடப் பெரிய தொந்தரவு, மஞ்சள் சாயத்துக்கு அடியில் சிவப்பு பரவினால் யாருக்கும் தெரியாது. ஐஸ் ஒத்தடத்துக்கும் காலம் முடிந்துவிட்டது. முதல் இரண்டு நாள், துணியில் சுற்றி, பத்துப் பத்து நிமிடம், அழுத்தாமல் என்பதுதான் அதன் கணக்கு. இப்போது ஐஸை அழுத்தி வைத்தால் நூலை இடம்பெயர்த்ததுதான் மிச்சமாகும்.

முள்ளும் குழியும்

த்ரெட் என்றதும் பலர் புருவம் திருத்தும் நூலை நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே நூல் தோலின் மேல் ஓடும்; இங்கே தோலுக்கடியில் தங்கும். பிடிஓ என்பது பாலிடயாக்ஸனோன், 1980-களிலிருந்து அறுவை சிகிச்சைத் தையலுக்குப் பயன்பட்டு வரும் கரையும் நூல். சதையைத் தூக்கப் போடும் நூலில் மீன் முள் மாதிரிச் சின்னச் சின்னச் செதில்கள் இருக்கும். அவைதான் சதையைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆறிலிருந்து எட்டு மாதத்தில் நூல் கரைந்துவிடும். அது கிளப்பிவிட்ட கொலாஜனால் (தோலை இறுக்கமாக வைக்கும் புரதத்தால்) பலன் இன்னும் சில மாதம் நிற்கலாம். மொத்தத்தில் ஒரு வருடம் நின்றாலே நல்லது. ‘பத்து வருஷம் இளமை’ என்று விற்றிருந்தால் அது வியாபாரப் பேச்சு.

இதைத் தெரிந்துகொண்டால் “உருவி எடுத்துவிடலாமா” என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்வீர்கள். செதில் உள்ள நூலை வெளியிலிருந்து இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும், அல்லது பாதியில் அறுந்து மிச்சம் உள்ளே நிற்கும். நெற்றிப்பொட்டில் தட்டுவது நூலின் நுனி. நகவெட்டியால் வெட்டாதீர்கள், விரலால் நெருடிக்கொண்டே இருக்காதீர்கள், அந்தப் பக்கம் சீப்பை அழுத்தாதீர்கள். டாக்டர் நுனியைச் சற்று இழுத்துப் பிடித்துத் தோல் மட்டத்தில் கத்தரித்துவிட்டால் அது உள்ளே போய்விடும். மரப்புக்கூடத் தேவைப்படாத சின்ன வேலை. தள்ளிப்போட்டால் துளை மூடாமல் கிருமிக்கு வாசலாகும், அவ்வளவுதான்.

குழி விழுவது, செதில் தோலுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டதால். லேசான குழி வீக்கம் வடிய வடிய ஒன்று இரண்டு வாரத்தில் தானே நிரவிக்கொள்ளும். மூன்றாம் வாரமும் நின்றால், நூல் போன திசை தெரிந்த டாக்டர் விரலால் அந்தப் பிடிப்பை விடுவிக்கலாம். தோழி சொல்லும் உருவலில் இரண்டு தப்பு. எந்தத் திசையில் எத்தனை செதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சந்தேகப்படும் கிருமி உள்ள கன்னத்தை உருவினால் அது பரவ வழி செய்கிறோம். எண்ணெய், மசாஜ், ஃபேஷியல், ஆவி எல்லாமே நூல் போட்ட நாளிலிருந்து நான்கு வாரத்துக்கு வேண்டாம்.

ஃபில்லர் யோசனையை முழுதாக விட்டுவிடுங்கள். கிருமி இருக்கலாம் என்று நினைக்கும் திசுவில் இன்னொரு அந்நியப் பொருளைத் திணிப்பது ஆபத்து. அது போக, தானாகப் போகக்கூடிய குழியை நிரப்பினால் வீக்கம் வடிந்த பிறகு அங்கே மேடு தெரியும்.

பொய்ப் பல் வலி

சகோதரி, மருத்துவ விஷயங்களுக்கு இணையாக எனக்குக் கவலை தருவது இதுதான். உங்கள் உடம்புக்கு நீங்கள் எடுத்த முடிவு; வயது வந்தவரின் சொந்தச் சம்மதம் போதும், கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. யாரிடம் சொல்வது என்பதும் உங்கள் உரிமை. ஆனால் இந்தப் பொய் உங்கள் முகத்துக்கு எதிராக வேலை செய்கிறது. மஞ்சள் பற்று அதனால் வந்தது. அடுத்து வருவது பல் டாக்டர் நாற்காலி. வாயை அகலத் திறந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால், பிடித்துக்கொண்டிருக்கும் செதில்கள் விட்டுவிடலாம். பல் சுத்தம் செய்யும்போது இரத்தத்தில் கலக்கும் கிருமிக்குப் புது நூல் நல்ல இருப்பிடம். அவசரமில்லாத பல் வேலையை நான்கு வாரம் தள்ளிவைக்க வேண்டும். உண்மையாகவே பல்லில் சீழ் இருந்தால் தள்ளக்கூடாது. அப்போது பல் டாக்டரிடம் நூல் விஷயத்தைச் சொல்லிவிட்டால், குறைவாகத் திறந்து, சின்னச் சின்ன அமர்வாகச் செய்துகொடுப்பார்.

வீட்டில் ஒரே ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். கணவரிடம் சொல்வது கஷ்டம் என்றால் அக்காவிடம் சொல்லுங்கள். நடு இரவில் காய்ச்சல் வந்தால் உங்களைக் கூட்டிப் போகிறவர், “பல் வீக்கம்” என்று கேஷுவால்ட்டியில் எழுத வைத்தால் வைத்தியம் அந்தத் திசையிலேயே போய்விடும். பல் டாக்டர், சர்க்கரை டாக்டர், இப்போது பார்க்கப்போகும் டாக்டர் ஆகிய மூவரிடமும் மறைக்காதீர்கள். அவர்கள் அதை வெளியே சொல்லக்கூடாது என்பது மருத்துவ நெறி.

கல்யாணத்துக்குப் போவதற்கு முன்

கல்யாணத்தன்று உங்களுக்குப் பதினெட்டாம் நாள். கிருமி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்றைக்குக் கன்றல் போயிருக்கும், வீக்கம் மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, குழி லேசாக இருக்கலாம். நூல் எடுக்க வேண்டி வந்தால் ஒரு சின்ன பிளாஸ்திரியோடும் இரண்டு கன்னமும் சற்றே வித்தியாசமாகவும் போக வேண்டியிருக்கும். கல்யாணத்துக்காக அதைத் தள்ளிவைத்தால், பதினெட்டாம் நாளுக்குள் கன்னத்தில் சீழ்க்கட்டியும் பிறகு தழும்பும் வந்து சேரலாம். இதில் யோசிக்கவே எதுவுமில்லை.

அதுவரை தினப்படி: மல்லாந்து, தலையை இரண்டு தலையணை உயரத்துக்குத் தூக்கித் தூங்குங்கள். ஒருக்களித்துப் படுப்பது பழக்கமென்றால் பஸ் பயணத்துக் கழுத்துத் தலையணையை மாட்டிக்கொண்டால் புரளமாட்டீர்கள். மண்டபத்தில் பாயில் படுக்க நேர்ந்தாலும் அதைக் கையோடு கொண்டு போங்கள். முகம் கழுவும்போது கீழிருந்து மேலாக, தடவாமல் ஒற்றிக் கழுவுங்கள். முழு ஹெல்மெட் மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு கன்னத்தையும் கீழே இழுத்துவிடும். இரண்டு வாரம் ஸ்கூட்டரை விட்டுப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ பள்ளிக்குப் போங்கள். வகுப்பில் குரலை உயர்த்தி வாயை அகலத் திறப்பதையும் குறையுங்கள். பாடத்தைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லலாம்.

முறுக்கு, சீடை, கரும்பு, எலும்புக் கறி, புரோட்டா இரண்டு வாரத்துக்கு வேண்டாம். ‘மென்மையான சாப்பாடு’ என்றதும் கஞ்சியும் குழைந்த சாதமும் ஜூஸுமாக இறங்கினால் சர்க்கரை எகிறிவிடும், புண் ஆறுவது தள்ளிப்போகும். மசித்த பருப்பு, கீரை மசியல், அவித்த முட்டை, முள்ளெடுத்த மீன், தயிர் என்று பாருங்கள். இட்லி இரண்டோடு நிறுத்தி சாம்பாரைக் கூட்டுங்கள்.

மேக்கப்புக்குத் துளைகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், சீழோ ஈரமோ இருக்கக்கூடாது. பார்லரில் முன்கூட்டியே சொல்லுங்கள்: ஃபேஷியல் இல்லை, ப்ளீச் இல்லை, ஆவி இல்லை, உங்கள் சொந்த பிரஷும் ஸ்பாஞ்சும்தான். பலர் மறப்பது தலையலங்காரம். நூலின் வாசல் நெற்றிப்பொட்டுப் பக்கம் முடியோரத்தில் இருப்பதால், பக்கவாட்டு முடியை இறுக்கிச் சீவி, சவுரி வைத்து, நாலு முழம் பூவும் ஏற்றினால் இழுப்பெல்லாம் அங்கேதான் விழும். கொண்டையைத் தளர்வாகப் பின்தலையில் போட்டுப் பூவைக் குறையுங்கள். நம் நிறத் தோலில் வீக்கம் கண்ட இடம் கறுத்துப்போகும் சுபாவம் உண்டு. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனை, தோல் நிறத்திலேயே கிடைப்பது கிடைத்தால் அதையே, இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துப் பூசுங்கள். துளை மூடிய பிறகுதான்.

இவையெல்லாம் ஆறிய பின்னும், ஒன்றிரண்டு மாதம் கழித்துக்கூட, நூல் பாதையில் வலியில்லாத கட்டி எழும்பினால் அலட்சியம் வேண்டாம். சுத்தமில்லாத தண்ணீர், கருவி வழியாக வரும் மைக்கோபாக்டீரியா என்ற கிருமியில் சிலவகை இப்படித் தாமதமாகத்தான் தலைகாட்டும். சாதாரண ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாது. “மைக்கோபாக்டீரியா கல்ச்சரும் பார்க்கலாமா” என்று நீங்களே கேளுங்கள்.

கிளினிக்கிடம் கேட்க வேண்டியவை

பணம் திரும்பக் கேட்பதற்கு முன்னால் காகிதங்களைக் கேளுங்கள். இப்போது பார்க்கப்போகும் டாக்டருக்கும் அவை தேவை: நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம், செய்த குறிப்பு, நூல் பாக்கெட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் (தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி), செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும். எழுத்தில் கேட்டால் பதிவேட்டு நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பாருங்கள். ‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற பலகையும் சுவரில் மாட்டிய சான்றிதழும் ஒருவரை மருத்துவராக்காது. அங்கே பெயர் இல்லையென்றால் நிலைமையே வேறு. கவுன்சிலிலும் காவல்துறையிலும் புகார் தரலாம்.

பெயர் இருந்தால், நீங்கள் நினைப்பது போல “வீங்கியது, அதனால் பணத்தைத் தா” என்பது நிற்காது. வீக்கம், கன்றல், குழி, கிருமித் தொற்று எல்லாம் இந்தச் சிகிச்சையில் வரக்கூடியவை என்று தெரிந்தவைதான். வந்ததாலேயே கவனக்குறைவு ஆகாது. கேள்வி வேறு: சர்க்கரை இருப்பது தெரிந்தும் ஹெச்பிஏ1சி பார்த்தார்களா? இந்த ஆபத்துகளைப் புரியும்படி முன்னால் சொன்னார்களா? சூடும் தெறிப்பும் என்று நீங்கள் சொன்ன பிறகும் நேரில் பார்க்க மறுத்தார்களா? இதில் மூன்றாவதுதான் உங்கள் கையிலுள்ள வலுவான விஷயம். அந்த வாட்ஸப் உரையாடலை அழிக்காதீர்கள். தினமும் காலையில் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், நேர், இடம், வலம் என்று மூன்று படம் எடுத்து வையுங்கள். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கெடு இரண்டு வருடம். அதனால் அவசரம் முகத்துக்குத்தான், வழக்குக்கு இல்லை.

கடிதத்தின் கடைசி வரியில், மாத முடிவுக்குள் வந்தால் இரண்டாம் சிட்டிங் பாதி விலை என்று கிளினிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போகாதீர்கள். முதல் சிட்டிங்கின் உண்மையான பலன் தெரியவே ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் வேண்டுமென்று தோன்றினால், ஹெச்பிஏ1சி 7-ஐ ஒட்டி வந்த பிறகு, வேறொரு இடத்தில் கேளுங்கள்.